தட்டான் விழுந்த இடம்

அத்தியாயம் நான்கு

மாமியாரிடம் வேலை பார்க்கிற மாப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தால், தலைவர் பதவிக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் மாமியாரின் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்கள். மிஞ்சிப்போனால் மூட்டை தூக்குவார்கள். என் அத்தை துப்பறிகிறவர். நான் அவருடைய உதவியாளன். அன்று மத்தியானம் என்னை மூன்று மாடி உயரத்தில் இடுப்பில் ஒரு பெல்ட்டோடு தொங்கவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே போய் எப்படித் தொங்கினேன் என்பதுதான் கதை.

காலையில் ஒரு சர்க்கஸிலிருந்து போன். பயிற்சியில் ஒருவன் மேலிருந்து விழுந்துவிட்டான், அவனைக் கைவிட்டதாக இன்னொருவர் மேல் பழி, அந்தப் பழியை மாலைக் காட்சிக்குள் துடைக்க வேண்டும் என்றார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை, வர்றீங்களா?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு ரொம்ப மரியாதை. அதனால் கட்டளைகள் எல்லாம் கேள்விக்குறியோடு வரும்.

கூடாரத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஒரு காலை இழுத்து நடந்துவந்து எங்களை மறித்தார்.

"காட்சி சாயங்காலம்தான்," என்றார்.

"நாங்க காட்சி பாக்க வரலைங்க. துப்பறிய வந்திருக்கோம்," என்றேன்.

"அதுக்கு டிக்கெட் இருக்கா?" என்று சிரித்தார்.

மனிதர் நம் ரகம் என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "விழுந்த பையனுக்கு அடி பலமா? எங்க வலிக்குதாம்?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

அவர் சிரிப்பு நின்றது. "இங்க அடுத்தவன் வலியைப் பத்தி யாரும் வாயத் திறக்க மாட்டோம் சார். நானும் மேல ஆடினவன்தான். எனக்கு முழங்கால் வலின்னு ஒரு சிநேகிதன் நல்லெண்ணத்துல முதலாளி காதுல போட்டான். அன்னியிலேருந்து இந்த வாசல்ல நிக்கிறேன்."

"குணமான பிறகு திரும்ப ஏறியிருக்கலாமே?"

"கைவிட்டவனை முதலாளி ஒரு மாசம் கீழ உக்கார வெப்பார், அப்புறம் ஏத்திக்குவார். உடம்பு விட்டவனை ஏத்தவே மாட்டார். உள்ள போங்க."

அத்தை அவருடைய காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் கட்சிக்காரர் ஒப்பனை அறையில் இருந்தார். ஊஞ்சல் கம்பியில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கியபடி, எதிர்க் கம்பியிலிருந்து பறந்து வருகிறவர்களைக் காற்றில் கைநீட்டிப் பிடிக்கிறவர். பிடித்தால் விடாதவர் என்பதால் சர்க்கஸில் அவருக்கு உடும்பு என்றே பேர். நாங்கள் போனபோது அவருடைய மனைவி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். முதலில் இடது கை, பிறகு முதுகைச் சுற்றி, கடைசியில் வலது கை. என் மனைவி எனக்குச் சட்டை மாட்டிவிட்டதாக எனக்கு நினைவே இல்லை. கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"விழுந்தது என் மச்சான்தான் மேடம்," என்றார் உடும்பு. "இவளோட தம்பி. தட்டான்னு கூப்பிடுவோம், அப்படிப் பறப்பான். நான் கையை விட்டுட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கான். இந்தக் கம்பியில ஏறின நாள்லேருந்து நான் ஒருத்தரையும் விட்டதில்ல. ஒருத்தரைக் கூட."

"அவன் ஏன் அப்படிச் சொல்லணும்?"

"அதுதான் புரியல. வளத்த கடா மார்ல பாஞ்ச கதை. இன்னிக்குச் சாயங்காலம் இவ மொதல் தடவையா ரெட்டைக் குட்டிக்கரணம் போட்டு வர்றா. நான்தான் கையில வாங்கணும். மணி அடிக்கிறதுக்குள்ள நான் விடலைன்னு நிரூபிச்சுக் குடுங்க. இல்லேன்னா ஒரு மாசம் கீழ."

"ஒரு மாசம்தானே, ஓய்வா எடுத்துக்குங்களேன்," என்றேன் நான். எனக்கு யாராவது ஒரு மாதம் தண்டனை கொடுத்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்பேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாசம் பெரிசில்ல சார். கைவிட்டவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எவன் என்னை நம்பிக் கம்பியை விடுவான்?"

மனைவி அவருடைய காலரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தட்டான் கூடாரத்துக்குப் பின்னால் நின்ற வேனில் கட்டிலில் சாய்ந்திருந்தான். அந்த ஒரே வேனில்தான் அக்கா குடும்பமும் இவனும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். இடது கையைத் துணியில் தொட்டில் கட்டி மாட்டியிருந்தான். முகத்தில் களையும் குறும்பும் வழிந்தன. இவனைப் பார்த்து அனுதாபப்படுவது எனக்குக் கொஞ்சம் சிரமமாகவே இருந்தது.

"என்ன தம்பி ஆச்சு?" என்றார் அத்தை.

"அத்தான் விட்டுட்டாரு."

"வேணும்னா?"

"சேச்சே. கை நழுவிடுச்சு. மனுஷன்தானே."

"ரொம்ப வலிக்குதா?"

"அத ஏன் கேக்கறீங்க. கையைப் பக்கவாட்டுல தூக்கினா பாதியில சுருக்குனு பிடிக்குது. அதைத் தாண்டிட்டா விட்டுருது, எறக்கும்போது திரும்பப் பிடிக்குது. சட்டை போட ஆள் வேணும். ராத்திரி இந்தப் பக்கம் புரண்டா உசிரே போகுது."

"அடப் பாவமே," என்று உருகினார் அத்தை. அவர் உருகினால் நான் உஷாராகிவிடுவேன். "மணிக்கட்டுல துணி சுத்தியிருக்கியே, அதைக் காட்டேன்."

"எது, இதா?" தட்டான் கட்டிலில் உட்கார்ந்தபடியே தொட்டிலிலிருந்து கையை உருவி, இரண்டு மணிக்கட்டையும் நின்றுகொண்டிருந்த அத்தையின் மூக்குக்கண்ணாடி வரைக்கும் நீட்டினான். பறக்கிறவர்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் வெள்ளைத் துணி. மடிப்புக் கலையாமல், புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட மாதிரி இருந்தது.

"நல்லா ஓய்வெடு தம்பி," என்று திரும்பினார் அத்தை.

வேனை விட்டு இறங்கியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, கேஸ் முடிஞ்சுபோச்சு."

"அப்படியா மாப்பிள்ளை?"

"பய விழுந்தது இன்னிக்குக் காலைல. ராத்திரி புரண்டா வலிக்குதுங்கறான். எந்த ராத்திரி? இன்னும் ராத்திரியே வரலையே. ஆக, அது பழைய வலி. ஏற்கெனவே தோள்ல அடி, அதை மறைச்சுட்டு ஏறினான், தாங்காம விழுந்தான், பழியைத் தூக்கி அத்தான் தலையில போட்டுட்டான்."

அத்தை நின்றுவிட்டார். "பரவாயில்லையே. என் பொண்ணு ஒரேயடியா ஏமாந்துடலைன்னு இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு."

"அப்ப சரிதானே?"

"பாதி சரி. மீதிப் பாதிக்கு நீங்க கொஞ்சம் மேல ஏறணும். ஏறுவீங்கல்ல?"

ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கூடாரத்து நடுவில் வலை விரித்திருந்தது. அதன் குறுக்கே ஓர் இடத்தில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. வழுக்காமலிருக்கக் கைகாலில் பூசுகிற பொடி. விழுந்தவன் முதுகின் அளவுக்கு அப்பியிருந்தது.

"இங்கதான் விழுந்தான்," என்றார் உடும்பு.

"கை நழுவுனா இங்கதான் விழுவாங்களா?" என்று கேட்டார் அத்தை. "எனக்கு இதெல்லாம் தெரியாது. பச்சைப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

உடும்பு தன் கழுத்திலிருந்த துண்டைச் சுருட்டி ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் காட்டினார். "ஆட்டத்துல கீழ வர்றப்பத்தான் மேடம் வேகம் ஜாஸ்தி. அப்ப அவன் ஒரு ஆள் இல்ல, மூணு ஆள் கனம். அந்தக் கனம் முழுக்க எங்க ரெண்டு பேர் தோள்ல எறங்கும். நழுவுனா அங்கதான் நழுவும். வீசி எறிஞ்ச மாதிரி போய் வலையோட அந்த ஓரத்துல விழுவான். ஆட்டம் மேல போய் முடியுற இடம் இருக்கு பாருங்க, அங்க ஒரு நொடி கனமே இருக்காது. காகிதம் மாதிரி. அங்க விட்டா நேர் கீழ..."

அவர் கையில் துண்டு அப்படியே நின்றது. வெள்ளைப் பொடியைப் பார்த்தார். அண்ணாந்து தன் கம்பியைப் பார்த்தார்.

"நேர் கீழதான் விழுந்திருக்கான்," என்றார் மெதுவாக.

"கனமே இல்லாத இடத்துல கை நழுவுமா?"

"கொழந்தைகூட நழுவ விடாது. அங்க நாமளா விட்டாத்தான் உண்டு."

"நழுவியிருந்தா மணிக்கட்டுத் துணி விரல் வரைக்கும் சுருண்டிருக்கும். அவனுது மடிப்புக் கலையல. பிடி தளர்ந்த நேரமாப் பாத்து, கட்டைவிரல் பக்கமாக் கையைத் திருப்பி உருவிக்கிட்டான். விழ ரொம்பப் பத்திரமான இடமாவும் பாத்துருக்கான்," என்றார் அத்தை.

"அப்ப நான் விடல," என்றார் உடும்பு. அந்தப் பெரிய மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே அது கோபமாக மாறியது. "படுபாவி. என் கையிலேருந்தே உருவிட்டு என் மேலயே..."

"இருங்க. முதலாளிகிட்ட சொல்லணும்னா ஒரு தடவை செஞ்சு பாக்கணும். எங்க மாப்பிள்ளையைப் பிடிச்சுக் கொஞ்சம் ஆட்டுங்க."

"ஒரு மணல் மூட்டையைக் கட்டி ஆட்டலாமே அத்தை," என்றேன்.

"மூட்டைக்கு வாய் கிடையாது மாப்பிள்ளை. உங்களுக்கு அதுதானே மூலதனம்?"

என் இடுப்பில் பெல்ட்டை இறுக்கினார்கள். பெல்ட்டிலிருந்து இரண்டு கயிறு மேலே உருளை வழியாகப் போய்க் கீழே வந்தது. ஒன்றைக் கயிற்றுக்காரர் பிடித்தார், இன்னொன்றை உடும்பின் மனைவி. உடும்பு மேலே போய்த் தலைகீழாகத் தொங்கி, என்னிடம் பாடம் நடத்தினார். "நீங்க என்னைப் பிடிக்கக் கூடாது சார். பறக்கிறவன் பிடிக்கப் பாத்தா விரல் முறியும். நான் ஹெப்னு சொன்னதும் ரெண்டு கையையும் நீட்டிக் குடுங்க, அவ்வளவுதான். மூளையைக் கேக்காம கை தானா வரணும்."

"அது நமக்குக் கைவந்த கலைதான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என்னை மேலே இழுத்தார்கள். தரை சின்னதாகிக்கொண்டே போனது. அத்தையும் சின்னதாகிக்கொண்டே போனார், அது மட்டும் ஒரு ஆறுதல்.

"ஹெப்."

நீட்டினேன். மணிக்கட்டோடு மணிக்கட்டு. அவர் பிடித்ததும் கயிற்றைத் தளர்த்தினார்கள். ஆட ஆரம்பித்தோம். முதல் ஆட்டத்தில் என் உயிர் வாய்க்கு வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அது திரும்பிப் போவதா வேண்டாமா என்று யோசித்தது. ஆட்டம் பெரிதாகப் பெரிதாக, கீழே வரும்போதெல்லாம் என் தோள் இரண்டும் காதைத் தாண்டிப் போய்விடும்போல இழுத்தது. மேலே போய் முடிகிற இடத்தில் அவர் சொன்னது போலவே கனமே இல்லை. அங்கே கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது, கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாதிரி.

திரும்பக் கீழே வந்தோம். அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது.

உடும்பின் வலது கை இரும்பு. இடது கை நடுங்கியது. நடுக்கம் என்றால் கண்ணுக்குத் தெரிகிற நடுக்கம் இல்லை. கீழே வேகமாக வருகிற அந்த ஒரு இடத்தில் இடது பிடி மெலிந்து, விரல்கள் என் மணிக்கட்டில் தவித்துத் தவித்துத் தொற்றிக்கொண்டன. கனம் முழுவதும் வலது பக்கமாகச் சாய்ந்தது. மேலே போனதும் சரியாகிவிட்டது. மறுபடி கீழே, மறுபடி அதே தவிப்பு. தலைகீழாகத் தெரிந்த அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்து எவன் பார்த்தாலும் இது தெரியாது. அந்தக் கையில் தொங்குகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

என்னை இறக்கினார்கள். உடும்பும் இறங்கி வந்தார்.

"எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

வழக்கமாக எனக்கு நாக்கு நுனியில் ஏதாவது ஒன்று இருக்கும். அப்போது இல்லை. வாசலில் காலை இழுத்து நடக்கிற மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். "நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னேன்.

அத்தை தலையசைத்தார். அவருக்கு அதுவே போதுமான பதில். "தட்டானுக்குத் தோள்ல ஒண்ணும் இல்ல. என் கண்ணாடி வரைக்கும் கையை நீட்டினான், முகம் சுளிக்கல. அப்ப அவன் சொன்ன வலி யாரோடது? பாதியில பிடிக்கிற கை, சட்டை மாட்ட ஆள், ராத்திரி புரள முடியாத தூக்கம். பொய் சொல்லத் தெரியாத புள்ள. தெரிஞ்ச வலியை அப்படியே ஒப்பிச்சுட்டான். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, அந்தப் பக்கம் யாரோ புரண்டு புரண்டு முனகுறதை அவன் எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. உடும்பு வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் சுளுக்கு. மாத்திரை போட்டா சரியாயிடும்," என்றார்.

"தினம் அந்தக் கையில தொங்குறவனுக்குத் தெரியாதா? வலின்னு முதலாளிகிட்ட சொன்னா உங்களுக்கு வாசல்தான். கைவிட்டீங்கன்னு சொன்னா ஒரு மாசம்தான். ஒரு மாசம் தோளுக்கு ஓய்வு கிடைக்கட்டும்னு தானா விழுந்திருக்கான். அவன் போட்ட கணக்கு சரி. நீங்க கோவிச்சுக்கிட்டு ஒரு துப்பறியுறவளைக் கூட்டிட்டு வருவீங்கன்னுதான் அவன் எதிர்பாக்கல."

உடும்பு தன் இடது தோளைத் தடவிக்கொண்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் நீங்க யாரை வாங்கப் போறீங்க?" என்றார் அத்தை.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என் தோள் தெரியுமா?"

"சட்டை மாட்டிவிடறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஏறுறதா இருந்தே?"

"நீங்க சொல்லல. அதனால நானும் கேக்கல. பிடிச்சுருவீங்கன்னு நெனச்சேன்," என்றார் அவர். "பிடிக்க முடியலேன்னா, கையை விட்டாருன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் நெனச்சுக்கிட்டேன்." அழுகையை அடக்கிக்கொண்டு கயிற்றைக் கொக்கியில் மாட்டப் போனார். கயிற்றுக்காரர் வாங்கி மாட்டினார்.

மணி அடித்தது. கூடவே முதலாளி வந்தார். கழுத்தில் விசில், எப்போதும் அவசரம். "என்னம்மா, கண்டுபிடிச்சீங்களா? இவர் விட்டாரா, இல்ல அவனா விழுந்தானா?"

அத்தை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. "தெரியும். ஆனா என்னைக் கூப்பிட்டது இவர். இவர் சரின்னாத்தான் வாயைத் திறப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

உடும்பு கேட்ட நிரூபணம் தயாராக இருந்தது. வலையில் வெள்ளைப் பொடி, தம்பியின் மணிக்கட்டில் கலையாத மடிப்பு. ஒரு தலையசைப்பு போதும், பேர் திரும்ப வந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கம்பியில் தொங்குவார், அந்தப் பெண் இரண்டு குட்டிக்கரணம் போட்டு அந்த இடது கையை நம்பி வருவார்.

"நான்தான் விட்டேன் முதலாளி," என்றார் உடும்பு.

வாழ்க்கையில் சொல்லவே கூடாது என்று வைத்திருந்த ஒரே வாக்கியம் அதுதான்.

"அதானே பாத்தேன். ஒரு மாசம் கீழ உக்காரு. ரெட்டைக் குட்டிக்கரணம் அடுத்த மாசம்," என்ற முதலாளி அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "இதைக் கண்டுபிடிக்கவா ஒரு துப்பறியுற அம்மா?" விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார்.

"அத்தை," என்றேன் காதோடு, "குத்தமில்லேன்னு நாம நிரூபிச்ச ஆளு, தானே போய்க் குத்தத்தை ஒத்துக்கிட்டாரு. இதை ஜெயிச்ச கேஸ்ல சேக்கறதா, தோத்ததுலயா?"

"அதெல்லாம் அப்புறம். நாளைக்குக் காலைல இவரை டாக்டர்கிட்ட நீங்க கூட்டிட்டுப் போறீங்க." உடும்பிடம் திரும்பி, "டாக்டர் ஏறலாம்னு சொன்னாத்தான் ஏறணும். இல்லேன்னா நான் முதலாளிகிட்ட வாயைத் திறப்பேன். எனக்கு உங்க சர்க்கஸ் சட்டமெல்லாம் கிடையாது," என்றார். மிரட்டலைக்கூடப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்தான் சொல்லுவார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, பயந்துட்டீங்களா?"

"அவர் தோள் அப்படின்னு தெரிஞ்சேதான் என்னை ஏத்துனீங்களா?"

"என் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணுமே. அதான் ரெண்டு கயிறாக் கட்டச் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்துத் தட்டான் தொட்டில் கட்டிய கையோடு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தான். தண்டனைச் செய்தி அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. முகத்தில் திருப்தியும் திருட்டுத்தனமும் பாதிக்குப் பாதி. அத்தானைப் பார்த்ததும் நின்றுவிட்டான். உடும்பு அவனை நோக்கி நடந்தார். ஓங்கி ஒன்று வைக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓர் அடி முன்னால் வந்தார்.

உடும்பு அவனுக்கு எதிரே நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஹெப்."

மூளையைக் கேட்காமல் தட்டானின் இரண்டு கையும் நீண்டன. தொட்டில் துணி கழுத்தில் கிடந்து ஆடியது. உடும்பு இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். தட்டான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவப் பார்த்தான். அத்தானின் இடது பிடியிலிருந்து வந்துவிட்டது. வலது பிடியிலிருந்து வரவில்லை. இன்னும் பலமாக உருவினான். வரவே இல்லை.

"விடுங்க அத்தான், வலிக்குது."

"எங்கடா வலிக்குது?"

தட்டான் அத்தானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றான்.